பட்டியலில் ஒரு பெயர்

ஹைதராபாத்தின் பெயரைத் தாங்கிப் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று 1918-இல் எதிரியிடம் சிக்கியது. அதில் இருந்தவர்கள் சீக்கிரமே விடுதலையானார்கள். விமானம் திரும்புவதற்கு 59 ஆண்டுகள் பிடித்தன. 1971-இல் புறப்பட்டுப் போன சிலரோ இன்னும் திரும்பவில்லை.

விடியற்காலையில் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டை நோக்கி லாரிகள் வரிசைகட்டுகின்றன. நாக்பூர் நெடுஞ்சாலையில் ஓயாத ஹாரன் சத்தம். இந்தச் சந்தடியிலிருந்து சற்று விலகினால் செகந்திராபாத் கன்டோன்மென்ட்டின் பழைய மரங்களும் நீண்ட மதில்களும் தென்படுகின்றன. இதை ஒட்டியே பேகம்பேட் விமானப்படை நிலையம். 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கப்பட்டதும் பயணிகள் விமானங்கள் பேகம்பேட்டைக் கைவிட்டன. விமானப்படை கைவிடவில்லை.

இந்த நிலையத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. விமானப்படையின் நேவிகேட்டர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி இங்கேதான் இயங்கி வந்திருக்கிறது. குண்டுவீச்சு விமானம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் விமானி. ஆனால் எந்த வழியில் போவது, எந்த நொடியில் குண்டைப் போடுவது, எப்படித் திரும்பி வருவது என்று கணக்குப் போடுபவர் நேவிகேட்டர். அவர் விமானத்தை ஓட்டுவதில்லை. விமானம் எங்கே விழுகிறதோ அங்கே அவரும் விழுவார்.

விழுந்த பிறகு என்ன ஆகும்? ஒரு மணி நேரத்துக்கு முன்பு பல ஆயிரம் அடி உயரத்தில் இருந்தவர் இப்போது தான் குண்டுவீசிய ஊரின் வயலில், அந்த ஊர்க்காரர்கள் நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தரைப்படைச் சிப்பாய் சிக்கினால் பெரும்பாலும் கூட்டமாகச் சிக்குவார். விமானப்படைக்காரர் தனியாகச் சிக்குகிறார், சாட்சியில்லாமல். அவர் உயிரோடு பிடிபட்டார் என்பதை வெளியுலகம் அறிந்துகொள்ள ஒரே வழி, அவருடைய பெயரை யாராவது ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதம் எல்லை தாண்டிப் போய்ச் சேருவதுதான். நூறாண்டுப் போர்க் கைதிகளின் கதை முழுவதுமே இந்த ஒரு காகிதத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

அந்தக் கதையில் ஹைதராபாத்துக்கும் பங்கு உண்டு.

நிஜாமின் அன்பளிப்பு

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்த இந்திய மன்னர்களில் முதல் வரிசையில் நின்றவர் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். அவருடைய பணத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு ஸ்குவாட்ரன் முழுவதற்கும் விமானங்கள் வாங்கப்பட்டன. 110-ஆவது ஸ்குவாட்ரனுக்கு ‘ஹைதராபாத்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. நிஜாமின் முத்திரையிலிருந்து எடுத்த புலி பின்னாளில் அதன் சின்னமாயிற்று. ‘அஞ்சவும் மாட்டேன், இகழவும் மாட்டேன்’ என்ற பொருளில் லத்தீன் மொழியில் ஒரு வாசகமும் உண்டு.

விமானம் டி.எச்.9ஏ ரகம். மரச் சட்டம், துணிப் போர்வை, 400 குதிரை சக்தி கொண்ட அமெரிக்க லிபர்டி இன்ஜின். முன்னால் விமானி, அவருக்குப் பின்னால் ‘அப்சர்வர்’ எனப்படும் பார்வையாளர். இன்றைய நேவிகேட்டரின் முன்னோடி இவர்தான். வரைபடம் பார்ப்பது, துரத்தி வரும் எதிரியைத் துப்பாக்கியால் சுடுவது எல்லாம் இவர் பொறுப்பு. தலைக்கு மேல் கூரை கிடையாது. உயரத்தில் உறையவைக்கும் குளிர். பாரசூட்டும் கிடையாது. 1918-இல் ஜெர்மன் விமானிகள் பாரசூட் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானங்களில் சென்றவர்களுக்கோ போர் முடியும்வரை அது தரப்படவில்லை. அடிபட்டால் விமானத்தோடு தரையிறங்க வேண்டும், இல்லையேல் விமானத்தோடு சாக வேண்டும்.

1918 செப்டம்பர் தொடக்கத்தில் இந்த ஸ்குவாட்ரன் பிரான்சின் கிழக்கில் உள்ள பெட்டன்கூர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் நகரங்களையும் தொழிற்சாலைகளையும் ரயில் பாதைகளையும் தாக்குவதற்காகவே ஹியூ ட்ரெஞ்சர்ட் தலைமையில் அமைக்கப்பட்ட படையில் அது சேர்ந்தது. பகல் வெளிச்சத்தில், துணைக்குப் போர் விமானங்கள் இல்லாமல், எதிரி நாட்டுக்குள் வெகுதூரம் பறக்கும் வேலை. போர் முடிய இரண்டு மாதங்களே இருந்தன என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு மாதங்களுக்குள் எதிரியின் எல்லைக்குள் போய்த் திரும்பாத விமானங்கள் 17. அக்டோபர் 21 அன்று மட்டும் ஒரே பயணத்தில் ஏழு விமானங்கள் திரும்பவில்லை.

திரும்பாத விமானங்களில் ஒன்றின் எண் எஃப்1010. அதன் பக்கவாட்டில், ஹைதராபாத் நிஜாம் அளித்தது என்ற அறிவிப்போடு ‘ஹைதராபாத் எண் 12ஏ’ என்று வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. 1918 அக்டோபர் 5 அன்று மேற்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியை நோக்கிச் சென்ற அணியில் அது இருந்தது. ஓட்டியவர் கேப்டன் ஆண்ட்ரூ இங்கிலிஸ். பின் இருக்கையில் செகண்ட் லெப்டினன்ட் டபிள்யூ.ஜி.எல். பாட்லி. விமானம் எதிரி மண்ணில் இறங்கியது. நொறுங்கிப் போகவில்லை. இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள்.

ஐரோப்பாவின் ஏதோ ஒரு வயலில், ஹைதராபாத்தையே பார்த்திராத இரண்டு இளைஞர்கள், ஹைதராபாத் என்று எழுதப்பட்ட விமானத்தின் பக்கத்தில் கைதிகளாக நின்றார்கள். அந்த விமானத்துக்கான பணம் யாருடைய வரியிலிருந்து போயிற்றோ அந்தத் தெலங்கானா, மராட்வாடா விவசாயிகளுக்கு இப்படியொரு விமானம் இருந்ததே தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜெனீவாவின் அட்டைகள்

அன்று ஜெர்மனியில் பிடிபட்ட விமானப்படை அதிகாரிகளுக்குக் காத்திருந்த வாழ்க்கை ஓரளவு பதிவாகியிருக்கிறது. முதலில் விசாரணை. கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு ஹோட்டலில் கைதிகளைச் சேர்த்துத் தங்கவைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக் கேட்பது ஜெர்மானியர்களின் வழக்கம். அடி உதை இல்லை. எந்த ஸ்குவாட்ரன், எங்கிருந்து வந்தாய், புதிய இன்ஜின் எப்படி என்ற பேச்சு தானாக வாயிலிருந்து விழட்டும் என்று காத்திருப்பார்கள்.

பிறகு முகாம். அதிகாரிகள் என்பதால் கட்டாய உழைப்பு கிடையாது. ஆனால் பசி உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மானியர்களே ரொட்டிக்கு அலைந்த காலம். கைதிகளின் வயிறு வீட்டிலிருந்தும் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்தும் வரும் பார்சலை நம்பி இருந்தது. புதிதாகப் பிடிபட்டவருக்கு முதல் பார்சல் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். அந்த அக்டோபரில் இன்ஃபுளுவென்சா வேறு ஐரோப்பாவெங்கும் ஆளை விழுங்கிக்கொண்டிருந்தது.

தப்பிக்கும் முயற்சிகளும் நடந்தன. ஹோல்ஸ்மின்டன் முகாமில் மாதக்கணக்கில் தோண்டிய சுரங்கம் வழியாக 1918 ஜூலையில் 29 அதிகாரிகள் வெளியேறினார்கள். அவர்களில் 10 பேர் ஹாலந்து எல்லையைத் தொட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1917 டிசம்பரில் இரண்டு பிரிட்டிஷ் விமானப்படையினரை ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. குற்றம், குண்டு போட்டதல்ல, துண்டுப்பிரசுரம் போட்டது. பதிலடி கொடுப்போம் என்று பிரிட்டன் மிரட்டிய பிறகுதான் அவர்களுக்கு மற்றக் கைதிகளின் நிலை கிடைத்தது.

இங்கிலாந்தில் இருந்த குடும்பங்களின் வாழ்க்கையோ தந்திக்கும் தபால்காரருக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. ‘காணவில்லை’ என்ற ஒரு சொல்லோடு முதல் செய்தி வரும். அந்தச் சொல்லுக்குச் சாவு என்றும் பொருள் கொள்ளலாம், சிறை என்றும் கொள்ளலாம். விடை ஜெனீவாவிலிருந்து வர வேண்டும். 1914 ஆகஸ்ட்டில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அங்கே போர்க் கைதிகளுக்கான அலுவலகம் ஒன்றைத் திறந்தது. இரு தரப்பும் அனுப்பும் கைதிப் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து, ஆளுக்கு ஒரு அட்டையாக எழுதி அடுக்கினார்கள் தொண்டர்கள். போர் முடிவதற்குள் சுமார் 70 லட்சம் அட்டைகள் சேர்ந்தன. ராமகிருஷ்ணரையும் காந்தியையும் பற்றி எழுதி நம்மவர்களுக்கு அறிமுகமான பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தும் அங்கே உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதியவர்களில் ஒருவர். அட்டையில் பெயர் கிடைத்தால் ஒரு வீட்டில் அழுகை நின்றது.

இங்கிலிஸும் பாட்லியும் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். அவர்கள் பிடிபட்ட 37-ஆவது நாள், நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்தது. கைதிகளை உடனே விடுவிக்க வேண்டும் என்பது போர்நிறுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் ஒன்று. ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் கைதிகளில் பெரும்பாலோர் அடுத்த சில வாரங்களில் கப்பலேறினார்கள்.

கைதியான விமானம்

விமானம் கப்பலேறவில்லை. வெற்றிச் சின்னமாக அது ஜெர்மனியிலேயே தங்கிவிட்டது. பின்னர் பெர்லின் விமான அருங்காட்சியகத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். ஹிட்லரின் காலத்தில் அங்கு வந்த பெர்லின்வாசிகள் அதன் பக்கவாட்டில் நிஜாமின் பெயரைப் படித்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அந்த அருங்காட்சியகத்தின் மீதே குண்டு விழுந்தது. 1943 நவம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைத் தாக்கியபோது கட்டடம் பெருமளவு நாசமாயிற்று. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை ஜெர்மானியர்கள் போலந்துப் பகுதிக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் அவை போலந்தின் கையில் சிக்கின. எஃப்1010 கடைசியில் கிராகோவ் நகரத்து அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வந்தது.

பிரிட்டன் அதைத் திரும்பப் பெற்றது 1977-இல்தான். அதுவும் சும்மா அல்ல. கைதிகள் பரிமாற்றம் போலவே ஒரு பரிமாற்றம்: ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் போலந்துக்குக் கொடுத்து இதை வாங்கினார்கள். காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, லண்டனின் ஹென்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பிடிபட்ட 59-ஆவது ஆண்டில் அது வீடு வந்து சேர்ந்தது. நிஜாம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1967-இல், மறைந்துவிட்டார். அவருடைய ராஜ்யம் 1948-லேயே முடிந்து போயிருந்தது.

ரங்கூன் சிறையின் கூரை

இரண்டாம் உலகப் போரில் ஹைதராபாத்தின் பெயர் மூன்று ஸ்குவாட்ரன்களில் இருந்தது: 110, 152, 253. சென்னை மாகாணத்தின் பெயரில் மூன்று: 79, 234, 264. போர் தொடங்கிய மறுநாளே, 1939 செப்டம்பர் 4 அன்று, ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்கப் புறப்பட்ட பிளென்ஹைம் விமானங்களுக்கு முன்னால் சென்றது 110 ஹைதராபாத் ஸ்குவாட்ரன்தான். அதன் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. கூடச் சென்ற 107-ஆவது ஸ்குவாட்ரனுக்கு இழப்பு இன்னும் மோசம். ஐந்தில் நான்கு போயின. அவற்றில் ஒன்றின் விமானி இறந்துவிட, அப்சர்வர் ஜார்ஜ் பூத்தும் துப்பாக்கி வீரர் லாரி ஸ்லாட்டரியும் பிடிபட்டார்கள். ஜெர்மனியிடம் சிக்கிய முதல் பிரிட்டிஷ் விமானப்படைக் கைதிகள் இவர்களே. போரின் இரண்டாவது நாள் சிறைக்குப் போன இவர்கள் 1945 வரை உள்ளேயே இருந்தார்கள். ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல்.

ஜெர்மன் முகாம்களில் பொதுவாகச் சட்டத்தின் நிழலாவது இருந்தது. செஞ்சிலுவைப் பார்சல் வந்தது. கடிதம் வந்தது. அந்த நிழலும் விலகிய நாட்கள் உண்டு. 1944 மார்ச்சில் ஸாகன் முகாமிலிருந்து 76 விமானப்படை அதிகாரிகள் சுரங்கம் வழியே தப்பினார்கள். மூவர் மட்டுமே பிழைத்து எல்லை கடந்தார்கள். திரும்பப் பிடிபட்ட 73 பேரில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவுப்படி கெஸ்டபோ சுட்டுக் கொன்றது.

ஆசியாவில் அந்த நிழலும் இல்லை. 1942 ஏப்ரலில் டோக்கியோவின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டுவீசின. அதில் பிடிபட்ட எட்டுப் பேரில் மூவரை ஜப்பான் அந்த ஆண்டு அக்டோபரில் தூக்கிலிடாமல் சுட்டுக் கொன்றது. ஒருவர் சிறையில் இறந்தார். குண்டுவீச்சு விமானத்தில் வந்தவர் போர்க் கைதி அல்ல, குற்றவாளி என்பது ஜப்பானிய ராணுவத்தின் நிலை.

இந்த நிலையின் கொடுமையை முழுமையாக அனுபவித்தவர்கள் ரங்கூன் மத்திய சிறையில் இருந்த விமானப்படையினர். பர்மாவின் மீது பறந்து வீழ்ந்த பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலிய விமானப்படையினரை அங்கே அடைத்தார்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போலக் கட்டப்பட்ட சிறை அது. கட்டியவர்கள் பிரிட்டிஷார். இந்தியச் சிப்பாய்களும் அதன் ஒரு பகுதியில் கைதிகளாக இருந்தார்கள். தரைப்படைக் கைதிகளிலிருந்து விமானப்படையினரைப் பிரித்துத் தனிக் கொட்டடிகளில் வைத்தார்கள். அவர்களுக்குச் சோறு குறைவு, மருந்து இல்லை. காவலரைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை சொல்ல வேண்டும். தவறினால் அடி. பெரிபெரி, வயிற்றுப்போக்கு, ஆறாத புண்கள் ஆகியவற்றால் பலர் மடிந்தார்கள்.

அந்த ஊரில் தமிழர்கள் ஏராளம். 1942-இல் ரங்கூன் வீழ்ந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பிய கதை தமிழகத்தின் பல குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் விட்டு வந்த நகரத்தின் நடுவில்தான் இந்தச் சிறை.

1945 ஏப்ரல் இறுதியில் பிரிட்டிஷ் படை நெருங்கியது. நடக்க முடிந்த கைதிகள் சுமார் நானூறு பேரை ஜப்பானியர்கள் பெகு பக்கம் நடத்திச் சென்றார்கள். வழியில் காவலர்கள் விட்டுவிட்டுப் போய்விட, கைதிகள் சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். அந்த மகிழ்ச்சி சிறிது நேரம்தான். அவர்களை ஜப்பானியர்கள் என்று நினைத்து நேச நாட்டு விமானங்களே சுட்டன. கைதிகளின் மூத்த அதிகாரியான பிரிகேடியர் ஹாப்சன், விடுதலையான அன்றே தம் தரப்புக் குண்டுக்குப் பலியானார்.

நடக்க முடியாதவர்கள் ரங்கூன் சிறையிலேயே இருந்தார்கள். ஏப்ரல் 29 இரவு ஜப்பானியர்கள் நகரைக் காலி செய்தார்கள். போகும்போது, சாவிகள் வாசல் அறையில் இருக்கின்றன என்று ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். விடிந்ததும் ஆஸ்திரேலிய விமானி லயனல் ஹட்சன் பொறுப்பேற்றார். இப்போது புதிய பயம்: காலியான நகரத்தின் மீது தம் விமானங்களே குண்டுவீசினால்? சிறைக் கூரையில் பெரிய எழுத்துகளில், ஜப்பானியர் போய்விட்டனர் என்று வண்ணம் தீட்டினார்கள். எதிரியின் தந்திரம் என்று விமானிகள் சந்தேகப்படக் கூடாதே என்பதற்காக, பிரிட்டிஷ் விமானப்படையினர் மட்டுமே பேசும் கொச்சை மொழியில், சீக்கிரம் வாருங்கள் என்ற பொருள்பட இன்னொரு வரியும் எழுதினார்கள். புத்தகத்து இங்கிலீஷை எதிரி எழுதக்கூடும். மெஸ்ஸில் பேசும் கொச்சை அவனுக்கு வராது.

மே 2 அன்று ஒரு மாஸ்கிடோ விமானம் அந்தக் கூரைக்கு மேல் வட்டமிட்டது. ஓட்டியவர் அதைப் படித்தார், நம்பினார். குண்டுக் குழிகள் நிறைந்த மிங்கலாடன் ஓடுதளத்தில் துணிந்து இறங்கினார். விமானம் சேதமடைந்தது. நேவிகேட்டருடன் நகருக்குள் போனார், சிறைக்குள் நுழைந்தார், கைதிகளைப் பார்த்தார். பிறகு படகு பிடித்து ஆற்றின் வழியாகப் போய், வந்துகொண்டிருந்த படையிடம் எதிரி இல்லை என்ற செய்தியைச் சேர்த்தார். அவர் பெயர் விங் கமாண்டர் ஏ.ஈ. சாண்டர்ஸ். அவர் தலைமை தாங்கிய படைப் பிரிவு 110, ஹைதராபாத் ஸ்குவாட்ரன்.

1918-இல் தன் ஆட்களை எதிரியின் சிறைக்குப் பறிகொடுத்த அதே ஸ்குவாட்ரன், 27 ஆண்டுகள் கழித்து எதிரி விட்டுப்போன சிறையின் வாசலில் வந்து நின்றது.

ராவல்பிண்டியின் பன்னிருவர்

இந்த அனுபவங்களிலிருந்துதான் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தது. பிடிபட்டவர் சொல்லக் கடமைப்பட்டவை நான்கே: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். அதற்கு மேல் கேட்டு அவரை வதைக்கக் கூடாது. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்கும் ஜெனீவாவுக்கும் அட்டை எழுத அவரை அனுமதிக்க வேண்டும். இந்தியா 1950-இலும் பாகிஸ்தான் 1951-இலும் இதை ஏற்றன.

இது வேலை செய்த தருணங்கள் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் பகுதியில் பாரசூட்டில் இறங்கிய சென்னையைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், கண்கள் கட்டப்பட்ட நிலையிலும் பெயர், பதவி, எண் சொல்லிவிட்டு மற்றக் கேள்விகளுக்குப் பதில் மறுத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பது சில மணி நேரத்தில் உலகுக்கே தெரிந்துபோயிற்று. மார்ச் 1 இரவு வாகா வழியாகத் திரும்பினார்.

1971 போரில் பாகிஸ்தானிடம் சிக்கிய இந்திய விமானப்படை அதிகாரிகளில் 12 பேர் ராவல்பிண்டி முகாமில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் போர் விமானங்களின் விமானிகள். அவர்களில் திலீப் பருல்கர், எம்.எஸ். கிரேவால், ஹரீஷ் சிங்ஜி ஆகிய மூவர் 1972 ஆகஸ்ட்டில் சுவரைக் குடைந்து வெளியேறினார்கள். பேருந்திலும் குதிரை வண்டியிலுமாக ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில மைல் தூரத்தில் உள்ள லண்டிகோட்டல் வரை போய்விட்டார்கள். அங்கே அவர்களைக் காட்டிக் கொடுத்தது ஒரு கேள்வி. லண்டிகானாவுக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். பழைய வரைபடத்தில் இருந்த ரயில் நிலையம் அது. 1932-லேயே மூடப்பட்டுவிட்டது. உள்ளூர்க்காரர் யாரும் அந்தப் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

பழங்குடிப் பகுதியில், சாதாரண உடையில், ஒற்றர்கள் என்ற சந்தேகத்தோடு பிடிபட்டவர்களுக்கு எதுவும் நடந்திருக்கலாம். அப்போது பருல்கர் செய்த காரியம், தங்கள் முகாமின் முன்னாள் பொறுப்பாளரும் பாகிஸ்தான் விமானப்படை அதிகாரியுமான உஸ்மான் ஹமீதிடம் தொலைபேசியில் பேச அனுமதி கேட்டது. உஸ்மானுக்கு இவர்களைத் தெரியும். இவர்கள் பெயர் கைதிப் பட்டியலில் இருப்பதும் தெரியும். அந்த ஒரு அழைப்போடு ஒற்றர்கள் மீண்டும் போர்க் கைதிகள் ஆனார்கள். 1972 டிசம்பர் 1 அன்று மற்றக் கைதிகளோடு வாகா வழியே இந்தியா திரும்பினார்கள்.

எழுதப்படாத பெயர்கள்

போர் விமானத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுத் தப்பும் வசதி உண்டு. 1971-இல் இந்தியாவின் முக்கிய குண்டுவீச்சு விமானமான கான்பெர்ராவில் நிலைமை வேறு. 1957 முதல் இந்தியா வாங்கிய கான்பெர்ராக்களில் பெரும்பாலானவற்றில் அந்த இருக்கை விமானிக்கு மட்டுமே. முன்மூக்கில் இருக்கும் நேவிகேட்டர் கதவு வழியாகத்தான் குதிக்க வேண்டும். தாழ்வாகப் பறக்கும் விமானம் அடிபட்டால் அதற்கு நேரம் எங்கே?

அந்தப் போரில் பாகிஸ்தான் வான்வெளியில் சில கான்பெர்ராக்கள் மறைந்தன. அவற்றில் ஒன்றின் நேவிகேட்டர் ஃபிளைட் லெப்டினன்ட் மனோகர் புரோகித். 1972 டிசம்பரில் வாகாவைக் கடந்து வந்தவர்களில் அவர் இல்லை. இறந்தார் என்பதற்கு உடல் இல்லை. பிடிபட்டார் என்பதற்கு அட்டை இல்லை.

1971-இல் காணாமல் போன ராணுவத்தினரும் விமானப்படையினரும் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகக் கருதி 1979-இல் மத்திய அரசு மக்களவையில் 40 பெயர்களைச் சொன்னது. பின்னர் அந்தப் பட்டியல் 54 ஆயிற்று. புரோகித்தின் பெயரும் அதில் உண்டு. குடும்பங்கள் நம்பிக்கையைத் துண்டு துண்டாகச் சேகரித்தன. ‘டைம்’ வாரப் பத்திரிகையின் 1971 டிசம்பர் 27 இதழில் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற இந்தியக் கைதியின் படத்தில் மேஜர் ஏ.கே. கோஷை அவருடைய குடும்பம் அடையாளம் கண்டது. மேஜர் அசோக் சூரி இறந்துவிட்டார் என்று நம்பியிருந்த தந்தைக்கு 1974 டிசம்பரில் மகனின் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது.

1983-இல் குடும்பத்தினர் சிலர் பாகிஸ்தான் போய் முல்தான் சிறையைப் பார்த்தார்கள். 2007 ஜூனில் 14 பேர் கொண்ட குழு பல சிறைகளுக்குச் சென்றது. தேடியவர்கள் யாரும் கிடைக்கவில்லை. தங்களிடம் அப்படி யாரும் இல்லை என்பதே பாகிஸ்தான் எப்போதும் சொல்லிவந்த பதில். தந்தையைத் தேடிப் போன பிள்ளைகள், காணாமல் போன தந்தையின் வயதைக் கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்தியாவிடம் அப்போது 93,000 பாகிஸ்தான் கைதிகள் இருந்தார்கள். பெயர் பெயராக எழுதிக் கணக்கெடுத்து அத்தனை பேரையும் 1974-க்குள் திருப்பி அனுப்பியது. அந்த அளவு பேரம் பேசும் பலம் கையில் இருந்தபோது, தன் 54 பேரைப் பற்றி அழுத்திக் கேட்கவில்லையே என்பது குடும்பங்களின் ஆறாத குறை. அவர்களுக்கு இன்று வரை சமாதானமான பதில் கிடைக்கவில்லை.

இறந்துவிட்டார் என்று சொன்னால் திவசம் கொடுக்கலாம். சிறையில் இருக்கிறார் என்றால் கடிதம் எழுதலாம். இரண்டும் இல்லாத வீட்டில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதுகூடத் தினமும் காலையில் எழும் கேள்வி. 1918-இல் ஜெனீவாவில் அட்டை எழுதிய தொண்டர்கள் தீர்த்துவைத்தது இந்தக் கேள்வியைத்தான். 1971-இல் பாகிஸ்தான் வானில் காணாமல் போனவர்களுக்கு அதைத் தீர்க்க ஆளில்லை.

கான்பெர்ரா 2007 மே மாதம் இந்திய விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றது. 110 ஹைதராபாத் ஸ்குவாட்ரன் அதற்கு வெகுமுன்பே, 1971-லேயே, கலைக்கப்பட்டது. ஹென்டன் அருங்காட்சியகத்தின் விளக்கு வெளிச்சத்தில் நிஜாமின் பெயர் தாங்கிய எஃப்1010 பத்திரமாக நிற்கிறது. அது எங்கே பிடிபட்டது, எந்த ஊர்களில் இருந்தது, எப்போது திரும்பியது என்பது எல்லாம் பதிவில் இருக்கின்றன.

போவன்பள்ளியில் காலை ஏறிவிட்டது. தக்காளி இறக்கிய லாரிகள் காலியாகத் திரும்புகின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளைஞனின் சீருடையிலும், இடது நெஞ்சில் அல்லது வலது நெஞ்சில், அவன் பெயர் இருக்கும். அது அதிகாரிகள் அவனை அழைப்பதற்காக மட்டுமல்ல. என்றாவது ஒரு நாள், எதிரி நாட்டின் யாரோ ஒருவர் அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுத வேண்டும் என்பதற்காகவும்தான்.